அம்மாவின் ஏழாவது கேக்

அத்தியாயம் 11

"ஏழு வருஷமா எங்க அம்மா ஒரு சொட்டுகூடத் தொட்டதில்ல."

விங்கா கண்ணாடி முன் நின்று இதை நாலாவது முறையாகச் சொல்லிப் பார்த்தாள். முதல் மூன்று முறையும் குரல் நடுங்கியது. நாலாவது முறை நடுங்கவில்லை, ஆனால் கடைக்காரர் தன் சரக்கைப் புகழ்வது போல இருந்தது. அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு நேர்காணல். எல்லாம் கணினித் திரையில்தான், வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. அதனால் பயம் குறைந்துவிடுமா என்ன? காலையிலிருந்து இரண்டு முறை சட்டையை மாற்றிவிட்டாள்.

போன வருடம் அவள் விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் ஒன்று விடாமல் கையை விரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கல்லூரி ஆலோசகர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னதும் நினைவிருக்கும். "மார்க்கெல்லாம் சரிம்மா. ஆனா கட்டுரையில உன்னையே காணோமே. வாழ்க்கையில நீ கஷ்டமே பட்டதில்லையா?"

கஷ்டத்துக்கா பஞ்சம்! ஆனால் இந்தக் கட்டுரைகளில் கஷ்டத்துக்கும் ஓர் அளவு உண்டு. குறைவாக எழுதினால் இதெல்லாம் ஒரு கஷ்டமா என்பார்கள். அதிகமாக எழுதினால் இந்தப் பெண் தாங்குவாளா என்பார்கள். எத்தனை இருட்டாக ஆரம்பித்தாலும் கடைசிப் பத்தியில் விடிந்துவிட வேண்டும். விடியாத வீட்டுப் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

விங்கா எழுதினாள். பதினேழு வயதில், ஒரு நவம்பர் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, சமையலறைத் தரையில் அம்மா நினைவில்லாமல் கிடந்ததை எழுதினாள். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததை எழுதினாள். அந்த நவம்பரோடு அம்மா குடியை விட்டதை எழுதினாள். கடைசி வரியை இப்படி முடித்தாள்: 'வரும் நவம்பரில் என் அம்மாவுக்கு ஏழாவது கேக், அதை ஏந்திக்கொண்டு போய் நான்தான் கொடுக்கப்போகிறேன்.'

எங்கள் துறைமுக ஊரான சான் பெட்ரோவில் குடியை விட்டவர்களின் கூட்டத்தில், விட்ட நாள்தான் பிறந்த நாள். வருடத்துக்கு ஒரு கேக். நெருங்கியவர் யாராவது அதை ஏந்தி வந்து கொடுக்க, மற்றவர்கள் பாட்டுப் பாடிக் கை தட்டுவார்கள். இடையில் ஒரே ஒரு மடக்குக் குடித்தாலும் கணக்கு அழிந்துபோகும், மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

அம்மாவின் ஏழாவது கேக் இன்று சாயங்காலம்தான். கல்லூரிக்காரர்கள் நேர்காணலையும் இதே நாளில் போய் வைத்துவிட்டார்கள்.

பின்கதவு திறந்தது. அண்ணன் லூக்கா, துறைமுகத்தில் ராத்திரி வேலையை முடித்துவிட்டு வந்தான். கை கழுவினானோ இல்லையோ, நேரே குளிர்பெட்டியைத் திறந்து முந்தாநாள் இறைச்சிக் குழம்புப் பாஸ்தாவை எடுத்து, சூடுகூடப் பண்ணாமல் தின்ன ஆரம்பித்தான்.

விங்கா எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, நீதான் டாக்டர். என்னைக் கேள்வி கேளு."

"நான் டாக்டரா? சரி, நாக்க நீட்டு."

"விளையாடாத. எனக்கு வயித்தக் கலக்குது."

"வயித்துக்குத் தனி டாக்டர்." வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "மிஸ் பெரோவிச், எதுக்காக எங்க காலேஜுக்கு வர ஆசப்படுறீங்க? பக்கத்துல பீச் இருக்குன்னா?"

"அம்மாவப் பத்திக் கேளு."

லூக்காவின் கை நின்றது. "அதக் கண்டிப்பா கேப்பாங்களா?"

"கட்டுரையே அதுதான? வேற எதக் கேப்பாங்க?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "உங்க அம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"ஏழு வருஷமா எங்க அம்மா ஒரு சொட்டுகூட..."

"நல்லா இருக்காங்கன்னு மட்டும் சொல்லேன். நம்பர் எதுக்கு?"

"கட்டுரையில நம்பர் இருக்கே?"

"இருந்தா இருக்கட்டும். நீயா ஏன் எடுத்துக் கொடுக்குற?"

விங்கா அவனையே பார்த்தாள். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற ஆள், காதுமடல் சிவக்கத் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"லூக்கா."

அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் விஷயமாகத்தான் கூப்பிடுகிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

"அம்மாகிட்ட கேளு," என்றான். "ஆனா இன்னைக்கு வேணாம். நாளைக்குக் கேளு."

நாளைக்குக் கேள் என்று ஒரு பதிலைச் சொன்னால் எந்தத் தங்கையாவது நாளை வரை பொறுப்பாளா? பத்தே நிமிடத்தில் விங்கா காரைக் கிளப்பிவிட்டாள்.

*

அம்மா டானிட்சா பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில் கேக் அலங்கரிக்கிறவள். கல்யாணக் கேக், ஓய்வுபெறுகிறவர்களின் கேக், பச்சை டைனோசர் கேக், எல்லாம் அவள் கைதான். கூட்டத்தில் யாருக்குப் பிறந்த நாள் வந்தாலும் கேக்கில் வருட எண்ணை எழுதிக் கொடுப்பதும் அவள்தான். ஒரு வருடக்காரர்களுக்கு மட்டும் எண்ணைப் பெரிதாக எழுதுவாள். அவர்களுக்குத்தான் அது ரொம்ப வேண்டும் என்பாள்.

தலைக்கு வலை போட்டுக்கொண்டு, ஒரு டைனோசருக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தவள் மகளைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

"என்னடி இங்க வந்து நிக்குற? இன்டர்வியூ?"

"நேரம் இருக்கு. உன் கேக்கக் காட்டு."

"சாயங்காலம் பாக்கப் போறதான?"

"இப்பக் காட்டு."

கீழ்த்தட்டிலிருந்து டானிட்சா பெட்டியை எடுத்துத் திறந்தாள். எலுமிச்சைக் கேக். சுற்றி மஞ்சள் ரோஜாக்கள் கச்சிதமாக இருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை.

"நம்பர் எங்க?"

"எழுதிக்கலாம்னு..."

"ஊருக்கெல்லாம் முதல்ல நம்பரத்தான எழுதுவ? அப்புறம்தான பூ வைப்ப?"

டானிட்சா மகளின் முகத்தைப் பார்த்தாள். "லூக்கா சொல்லிட்டானா?"

"அவன் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு."

வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். டானிட்சா கையைத் துடைத்துக்கொண்டு, மகளின் முழங்கையைப் பிடித்து, பின்னால் இருந்த குளிர் அறைக்குள் இழுத்துப் போனாள். கிரீம் வாளிகளுக்கு நடுவில் இருவரும் நின்றார்கள்.

"ஆகஸ்ட்ல," என்றாள். "ஒரே ஒரு தடவ."

விங்காவுக்கு முதலில் பயம் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. கட்டுரையின் கடைசி வரிதான் கண்முன் வந்தது. அதற்காக அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் வாயில் வந்தது அதுதான்.

"அப்ப ஏழு வருஷம் இல்ல."

"இல்ல. மூணு மாசம்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"லூக்காவுக்கு மட்டும். நான்தான் அவனக் கூப்பிட்டேன். கலங்கரை விளக்கத்துகிட்ட வண்டிய நிறுத்திட்டுதான் குடிச்சேன். குடிச்சதும் வண்டிய எடுத்துடுவேனோன்னு பயந்து சாவியப் புதருக்குள்ள எறிஞ்சுட்டேன். அவன் வந்து முட்டி போட்டுத் தேடினான், பாவம். ஒரு நாய் வேற வந்து அவனப் பாத்துக் குரைச்சுது."

அம்மா சிரிக்கப் பார்த்தாள். விங்கா சிரிக்கவில்லை.

"லூப்பேகிட்ட சொன்னியா?"

லூப்பே, டானிட்சாவுக்கு முதல் நாளிலிருந்து கூட்டத்தில் துணையாக இருக்கிற பெண். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போனை எடுக்கிறவள். அவளிடம் மறைக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம்.

"சொல்லல. சொன்னா கூட்டத்துல சொல்லணும். சொன்னா மறுபடி முதல்லேர்ந்து. கேக்கு கிடையாது. நீதான் கேக்க ஏந்திட்டு வர்றதா எழுதி அனுப்பிட்டியே?"

"பழிய என் மேல போடுறியா?"

"போடல. உன் கட்டுரை எனக்கு ஊத்திக் கொடுக்கல. நான்தான் வாங்கினேன், நான்தான் குடிச்சேன்."

"அப்புறம் ஏன் கட்டுரைய இழுக்குற? நீதான படிச்சுட்டு நல்லா எழுதியிருக்கேன்னு சொன்ன?"

"நல்லாதான் எழுதியிருந்த." டானிட்சா ஒரு வாளியின் மூடியைத் திருகினாள், மறுபடி மூடினாள். "அந்த மத்தியானம் எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்லடி. ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதுதான் தெரியும். நீ என் வாயத் துடைச்சுவிட்டது, என் மூச்ச எண்ணினது, நடுவுல எண்ணிக்க தப்பிப்போச்சுன்னு அழுதது, இதெல்லாம் அந்தக் கட்டுரையப் படிச்சப்பத்தான் எனக்குத் தெரியும். இத்தன வருஷமா என்கிட்ட நீ சொல்லவே இல்ல. ஊர் பேர் தெரியாத டாக்டருங்களுக்குத்தான் சொன்ன."

"அனுப்புறதுக்கு முன்னாடி உன்கிட்ட காட்டினேனே!"

"காட்டின. இன்னைக்கே அனுப்பணும், சீக்கிரம் படின்னு சொல்லிக் காட்டின."

அது உண்மைதான் என்று விங்காவுக்குத் தெரியும். அடுப்படியில் நின்றபடியே அம்மாவைப் படிக்கவைத்து, அம்மா தலையாட்டியதும் ஓடிப் போய் அனுப்பிவிட்டாள்.

"அந்தக் கடைசி வரி," என்றாள் டானிட்சா. "அதப் பாத்ததுமே எனக்குப் பக்குனு ஆச்சு. கூட்டத்துல எவளாவது நாளைக்கு இத்தன வருஷம்னு சொல்லிக் கேட்டிருக்கியா நீ? இன்னைக்கு வரைக்கும்னுதான் சொல்லுவோம். நீ பதினேழு வயசுலேர்ந்து அங்க வந்து பிஸ்கட் தின்ன பொண்ணு. ஜூன் மாசத்துல உக்காந்துகிட்டு நவம்பர எழுதிட்டியே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"ரொம்ப நாள் கழிச்சு நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. எப்படிடி சொல்லுவேன்?"

இந்த இடத்தில் எனக்கு இரண்டு பேர்மேலேயும் கோபம்தான் வருகிறது. ஒருத்தி கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, இன்னொருத்தி சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பாசம் என்ற பேரில் எத்தனை வீடுகளில் இதே கூத்துதான் நடக்கிறது.

"நான் இப்ப என்ன பண்றது?" என்றாள் விங்கா. குளிரில் பல் கிட்டித்தது. "கேட்டா என்ன சொல்றது?"

"ஏழுன்னு சொல்லிடு. நீ எழுதினப்ப அது பொய் இல்லையே."

"இன்னைக்குச் சொன்னா பொய்தான?"

"உண்மையச் சொன்னா சீட்டு கொடுப்பாங்களா?"

அது இருவருக்குமே தெரியவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "டானிட்சா! டைனோசருக்கு ஆள் வந்தாச்சு!"

*

ஒரு மணி. மேலே கோட்டு, கீழே பழைய பைஜாமா. விங்கா கணினி முன் உட்கார்ந்தாள். கதவுக்கு அப்பால் லூக்கா சோபாவில் படுத்திருந்தான். குறட்டை விட்டால் கொன்றுவிடுவேன் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். தூக்கம் வந்தால்தானே குறட்டை வரும்?

திரையில் வந்தவர் இளைஞர். பேர் டாக்டர் பிரையர். சிரித்த முகம்.

"ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன்," என்றார். "உங்க ஃபைலை நான் பாக்கல. எங்க காலேஜ்ல அப்படி ஒரு வழக்கம். ஒருத்தர் எதையும் படிக்காம பேசுவார். அதுக்கப்புறம் இன்னொருத்தர் எல்லாத்தையும் படிச்சிட்டு வந்து பேசுவார்."

விங்காவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. காலையிலிருந்து யாரிடம் என்ன சொல்வது என்று வெந்துகொண்டிருந்தாளோ, அந்த ஆளுக்கு அம்மாவைப் பற்றி ஒரு எழுத்துகூடத் தெரியாது!

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலையைப் பற்றிக் கேட்டார். அவள் சொன்னாள். ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிற மீன்பிடிக் கப்பல் மாலுமி ஒருவரை, அவர் பிடித்த மீன்களின் கதையைச் சொல்லச் சொல்லி ஏமாற்றி ரத்தம் எடுத்ததைச் சொன்னாள். டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அம்மா என்ற சொல்லே வரவில்லை. நேர்காணல் முடிந்தபோது, வாயில் வைத்துப் பழகிய வாக்கியம் அப்படியே மிச்சம் இருந்தது.

இடைவேளை கொஞ்ச நேரம்தான். சமையலறைக்கு வந்தால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். மேலங்கியைக் கழற்றவில்லை, தோளிலிருந்து கைப்பையை இறக்கவில்லை. லூக்கா எழுந்து வந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்திருந்தான்.

"கேட்டாங்களா?"

"இல்ல. இந்தாளு எதையுமே படிக்கல."

"அப்பாடா!" என்று அம்மா கண்ணை மூடினாள்.

"இன்னொருத்தர் வருவாங்க. அவங்க எல்லாத்தையும் படிச்சிருப்பாங்களாம்."

அம்மாவின் கண் திறந்தது. "ஏழுன்னு சொல்லிடு விங்கா. யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறா? சாயங்காலம் கேக்கக் கொடு. நாளைக்கு நான் லூப்பேகிட்ட பேசிக்கறேன்."

"கேக்க வேற கொடுக்கணுமா? அத்தன பேரு முன்னாடி? அவங்க கை தட்டுவாங்க, நான் சிரிச்சுகிட்டு நிக்கணும், அப்படித்தான?"

"உனக்காகத்தான்டி சொல்றேன்!"

"எனக்காகவா? உன்னால எனக்கு ஒரு நல்ல நாள்கூட முழுசா கெடைச்சதில்ல. பள்ளிக்கூடம் முடிச்ச விழா அன்னைக்கும் நீ எப்படி வருவியோன்னு வாசலையே பாத்துகிட்டு நின்னேன். இன்னைக்கும் அதேதான்!"

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட சொல் என்று அவளுக்கே உறைத்தது. திரும்ப எடுத்துக்கொள்ள வழி இல்லை.

"விங்கா, போதும்," என்றான் லூக்கா. கேலி எதுவும் இல்லாத குரல். "நேரமாச்சு. உள்ள போ."

அம்மா நாற்காலியை இழுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

*

இரண்டாவதாக வந்த டாக்டர் வின்ஸ்லோ சிரிக்கவில்லை. வயதான பெண்மணி, ஒட்ட வெட்டிய நரைமுடி, சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி. கையில், காகிதத்தில் அச்செடுத்த விங்காவின் கட்டுரை. பக்கமெல்லாம் பென்சில் கோடுகள்.

கேள்விகள் சரமாரியாக வந்தன. வேதியியலில் ஒரு பருவம் ஏன் மதிப்பெண் குறைந்தது? மறுபடியும் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? நோயாளி உங்களைத் திட்டினால் என்ன செய்வீர்கள்? விங்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பதில் சொல்லும்போதே காது சமையலறைப் பக்கம் போனது. அங்கே சத்தமே இல்லை. அம்மா அழுதால்கூடப் பரவாயில்லை, எழுந்து போய்விடக் கூடாதே என்றிருந்தது.

டாக்டர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"நீங்க எழுதியிருக்கற அந்த மத்தியானத்தப் பத்தி நான் கேக்கப் போறதில்ல, மிஸ் பெரோவிச். அது எனக்குப் புரிஞ்சுது. கடைசி வரியத்தான் கேக்கணும். நவம்பர் வந்தாச்சே. உங்க அம்மா எப்படி இருக்காங்க?"

வந்துவிட்டது.

இரண்டு பதில்கள் அவள் நாக்கில் தயாராக இருந்தன. ஏழு வருடம் என்பது ஒன்று. மூன்று மாதம் என்பது இன்னொன்று. ஒன்று பொய். இன்னொன்று, அம்மா தன் லூப்பேயிடமே இன்னும் சொல்லாதது. அதை எடுத்து முன்பின் தெரியாத ஒருவரிடம் வைக்க அவளுக்கு என்ன உரிமை? ஒரு தடவை வைத்தது போதாதா?

ஆனால் வாயைத் திறக்கவிடாமல் அவளைத் தடுத்தது அதுவும் இல்லை. டாக்டர் கேட்டது எண்ணை இல்லையே! எப்படி இருக்கிறாள் என்றல்லவா கேட்டார்? அதற்கு விங்காவிடம் பதிலே இல்லை. காலையிலிருந்து ஏன் குடித்தாய், ஏன் மறைத்தாய், நான் என்ன சொல்வது என்று அம்மாவைக் குடைந்தெடுத்திருக்கிறாள். முன்பின் தெரியாத ஒரு பெண் முதல் கேள்வியாகக் கேட்டதை அவள் கேட்கவே இல்லை. மகளுக்கு வெட்கமாக இருந்தது.

"தெரியல, டாக்டர்."

"தெரியலையா?" கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரே வீட்டுல இருக்கறதா எழுதியிருக்கீங்க."

"ஒரே வீடுதான். காலையிலேர்ந்து அம்மாகூட ரெண்டு தடவ சண்ட போட்டுட்டேன். எல்லாத்தையும் கேட்டேன், இத மட்டும் கேக்கல."

"இந்தக் கடைசி வரிய அவ்வளவு உறுதியா எழுதியிருக்கீங்களே?"

"அப்படி எழுதியிருக்கக் கூடாது. இன்னும் வராத நாள என் இஷ்டத்துக்கு எழுதிட்டேன். அது அம்மாவோட நாளு, என்னோடது இல்ல." கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம் கொடுத்தீங்கன்னா கேட்டுட்டு வந்துடறேன்."

டாக்டர் வின்ஸ்லோ காகிதத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று திரையில் தெரியவில்லை. நல்லதா கெட்டதா என்று முகத்திலும் தெரியவில்லை.

"ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்," என்றார். "எனக்கு அடுத்த ஆள் காத்திருக்காங்க."

விங்கா கோட்டும் பைஜாமாவுமாக எழுந்து போனதை அவர் முழுசாகப் பார்த்திருப்பார். அவளுக்கு அந்த நினைப்பே இல்லை.

சமையலறையில் அம்மா அதே இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். லூக்காவும் நின்ற இடத்திலேயே நின்றான்.

"என்னடி, அதுக்குள்ள முடிஞ்சுதா?" அம்மா பதறி நிமிர்ந்தாள். "கேட்டாங்களா? ஏழுன்னு சொன்னியா?"

"அம்மா, நீ எப்படி இருக்க?"

"எனக்கென்ன, நான் நல்லா..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அம்மா மகளைப் பார்த்தாள். பதில் தெரிந்துகொண்டு கேட்கிறாளா, சண்டையின் பாக்கியா என்று அந்த முகத்தில் தேடினாள். இரண்டும் இல்லை.

"நல்லா இல்லடி," என்றாள். "காலையில நீ போனதுலேர்ந்து நல்லாவே இல்ல."

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் கேட்டது. "மிஸ் பெரோவிச்? இருக்கீங்களா?"

விங்கா திரும்பினாள். அறைக் கதவு நாலு எட்டில் இருந்தது. அந்த அறைக்குள் இத்தனை வருட உழைப்பும் ஒரு கண்ணாடிக்காரம்மாவின் எதிரில் காலி நாற்காலியாக இருந்தது. இன்னொரு வருடம் காத்திருக்க அவளிடம் தெம்பு இல்லை.

லூக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, தலைமுடியைக் கையால் ஒதுக்கியபடி அறைக்குள் போனான். "டாக்டர், வணக்கம். நான் அவ அண்ணன்," என்று அவன் சொல்வது கேட்டது. வேறு நாளாக இருந்தால் விங்கா அலறியிருப்பாள்.

இன்று நாற்காலியை இழுத்து அம்மாவின் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா."

"கடையிலேர்ந்து வெளிய வர்றதுக்கு சாராயப் பாட்டில் வரிசையத் தாண்டித்தான் வரணும். தினமும் தாண்டுவேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். இன்னைக்கும் தாண்டி வந்துட்டேன். வண்டிவரைக்கும் வந்துட்டேன் விங்கா." அம்மா மடியைக் குனிந்து பார்த்தாள். "அப்புறம் திரும்பவும் உள்ள போனேன்."

விங்காவின் பார்வை அம்மாவின் மடிக்குப் போனது. கைப்பையை அம்மா இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

டானிட்சா ஒவ்வொரு விரலாக எடுத்தாள். பையை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் மூடியத் தொறக்கல," என்றாள். "நீ எடுத்துக்க."